61 நாள் சும்மா கிடக்கும் பேட்டரி

(எபிசோட்டில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும் எடுத்திருக்கிறோம்.)

இந்த எபிசோடை புன்னக்காயல்ல எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி காத்துச் சத்தம் கேக்கும், அதை ஒண்ணும் பண்ண முடியல. எழுத்துல படிக்கிறவங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இந்த வாரம் கேமரா, கீபோர்டுன்னு எதையும் பேசப் போறதில்லை. பேட்டரி. அதுவும் பழைய லெட் ஆசிட் பேட்டரி. காரணம், ஒரே வாரத்துல ரெண்டு பேர் என்கிட்ட ஒரே கேள்வியை ரெண்டு விதமா கேட்டாங்க.

முதல் ஆள், கனடாவுல ஸ்கார்பரோவில இருந்து ஒரு அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், ரொம்ப நாளா நம்ம எபிசோடுகளைக் கேக்குறவர். வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்: "தம்பி, போன சமருக்கு ஒரு கேம்பர் ட்ரெய்லர் வாங்கினனான். விண்டர் முழுக்க யார்ட்டிலதான் நிண்டது. ஏப்ரல்ல போய்ப் பாத்தா பற்றறி பிதுங்கி, ஓரத்தில வெடிச்சுப்போய் நிக்குது. குளிர்தான் சாக்கொண்டதோ? வாற வருசம் வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கோணுமோ?"

கேம்பர் ட்ரெய்லர்னா காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணி மோட்டார், லைட் எல்லாம் இருக்கும். எல்லாத்துக்கும் 12 வோல்ட் பேட்டரிதான் கரண்ட். அங்கே அக்டோபர் நடுவுல சீசன் முடிஞ்சா ஏப்ரல், மே வரைக்கும் அந்த வண்டி அசையாது.

ரெண்டாவது ஆள், எங்க மாமா. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல ஒரு விசைப்படகுல டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். தமிழ்நாட்டுல இது 2001-ல ஆரம்பிச்சப்ப 45 நாளா இருந்தது, 2017-ல 61 ஆச்சு. மீன் இனப்பெருக்கம் செய்ற காலம்ங்கிறதால விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. எங்க ஊர்ல பெரும்பாலும் இருக்கிறது சின்ன நாட்டுப்படகுங்க, அதுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனா ஊர்ல இருந்து தூத்துக்குடி போய் விசைப்படகுல வேலை பாக்குறவங்க நிறைய. சித்திரை ஒண்ணு வரும்போது அவங்க எல்லாரும் வீட்ல இருப்பாங்க, படகு எல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும், பேட்டரி உள்ளேயே இருக்கும்.

அங்கே மைனஸ் 20. இங்கே அக்னி நட்சத்திரம். ஆனா ரெண்டு பேட்டரியும் செத்துப் போறது ஏறக்குறைய ஒரே காரணத்தால. அதை விளக்கத்தான் இந்த எபிசோட்.

முதல்ல மாமா கதை. சில வருஷம் முன்னாடி நடந்தது. அவரையே சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணேன்.

மாமா: "தட முடிஞ்சு மொத நா. விடியக்காலம் சாவியத் திருவுனா 'டொக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி டவுன். பக்கத்துப் படகுல இருந்து வயரு போட்டு எடுத்தோம். ஓடிக்கிட்டே இருந்தா அதுவா சார்ஜ் ஏறிக்கிடும்னு நெனச்சிட்டோம்."

நான்: "அப்புறம் ஏன் மாமா நிறுத்துனீங்க?"

மாமா: "நாங்க எங்க மருமவனே நிறுத்துனோம்? ரெண்டு மாசம் கெடந்த டீசல். அடியில கெடந்த கசடு பூரா ஃபில்டர்ல ஏறி அடச்சிட்டு. மத்தியானத்துக்கு மேல இஞ்சின் இருமி இருமி நின்னுட்டு. ஃபில்டர மாத்தி, காத்து எடுத்துட்டுப் பாத்தா, செல்ஃப் சுத்த மாட்டேங்கு."

நான்: "வயர்லெஸ் இருந்துச்சே?"

மாமா: "அதத்தான் சொல்ல வாரேன். அடுத்த படகுக்காரன் பேசுறது எல்லாம் எங்களுக்குக் கேக்கு. நாங்க பேச பட்டன அமுக்குனா செட்டு அணஞ்சு போவுது. கைபோன்ல சிக்னல் கெடையாது. கச்சான் காத்து வேற, கெழக்க தள்ளிக்கிட்டே போவுது. நங்கூரம் போடலாம்னா ஆழம், கயிறு பத்தாது. கெழக்க போனா என்னன்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். கிழக்கே இலங்கைக் கடல் எல்லை. அதைத் தாண்டினா படகு போகும், ஆளும் சிறைக்குப் போகலாம். அன்னைக்குப் படகுல ஏழு பேர். இருட்டுற நேரத்துல வேற ஒரு படகுக்காரங்க டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து வந்து, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. கரை சேரும்போது ராத்திரி மணி பதினொண்ணு.

வயர்லெஸ்ல கேக்க முடிஞ்சது, பேச முடியல. இதுல இருந்தே ஆரம்பிக்கலாம். கேக்குறதுக்கு அந்த செட் அரை ஆம்பியர்கூட எடுக்காது. பேசும்போது 25 வாட்ல அனுப்புது, அதுக்கு அஞ்சு ஆறு ஆம்பியர் வேணும். செத்துக்கிட்டு இருக்கிற பேட்டரி அரை ஆம்பியரைக் கொடுத்துரும். ஆறு ஆம்பியர் கேட்டவுடனே வோல்டேஜ் தடால்னு கீழே விழும், செட் அணைஞ்சுரும். செல்ஃப் மோட்டார் கேக்குறது நூத்துக்கணக்குல ஆம்பியர், அதைப் பத்திப் பேசவே வேண்டாம். அதனாலதான் "லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லைட் எரியறது பரிட்சையே இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்குது?

12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு அறை. ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட் சொச்சம். ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், சுத்தி சல்ஃபியூரிக் ஆசிட் கலந்த தண்ணி. பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது ஆசிட்ல இருக்கிற சல்ஃபேட் தகட்டுல போய் ஒட்டிக்குது, மிச்சம் இருக்கிறது தண்ணியாகிட்டே போகுது. சார்ஜ் போட்டா தகட்டுல இருந்து சல்ஃபேட் கழண்டு திரும்ப ஆசிட்டுக்கு வருது. ஒரு வரியில சொன்னா, ஃபுல் பேட்டரிக்குள்ள இருக்கிறது கெட்டி ஆசிட். காலியான பேட்டரிக்குள்ள இருக்கிறது ஏறக்குறைய தண்ணி.

இதைத்தான் பேட்டரி கடையில கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்ப்பாங்க. "கிராவிட்டி பாக்குறது"ன்னு சொல்வாங்க. தண்ணியோட அடர்த்தி 1. குளிர் நாடுகள்ல ஃபுல் சார்ஜ்ல 1.265-லிருந்து 1.280 வரைக்கும் இருக்கும். சூடான ஊர்களுக்கு வேணும்னே கொஞ்சம் குறைச்சு, 1.240 வாக்குல வைப்பாங்க, கெட்டி ஆசிட் சூட்டுல தகட்டைச் சீக்கிரம் அரிச்சுரும்ங்கிறதுக்காக. நம்ம ஊர் மெக்கானிக் புள்ளியை விட்டுட்டு "ஆயிரத்து இருநூத்தி நாப்பது இருக்கு"ம்பார். காலியாகும்போது இது 1.120 வாக்குல இறங்கும்.

இப்ப ஸ்கார்பரோ அண்ணன் கேள்விக்கு வருவோம். அடர்த்தி 1.265 இருக்கிற ஆசிட் உறையணும்னா மைனஸ் 55 டிகிரிக்கும் கீழே போகணும். அவர் ட்ரெய்லர் நிக்கிற இடத்துல அந்தக் குளிர் வரவே வராது. பாதி சார்ஜ், அதாவது 1.190 இருந்தா மைனஸ் 24 வாக்குல உறையும். காலியா, 1.120-ல இருந்தா மைனஸ் 10-லேயே உறைஞ்சுரும். தண்ணி ஐஸ் ஆகும்போது பருமன் கூடும். ஃப்ரீசர்ல கண்ணாடி பாட்டிலை மறந்து வச்சவங்களுக்குத் தெரியும். தகடு வளையும், பெட்டி பிதுங்கும், வெடிக்கும்.

அதனால, அண்ணே, உங்க பேட்டரியைக் குளிர் மட்டும் கொல்லலை. காலியா இருந்த பேட்டரியைத்தான் குளிர் கொன்னது. அது ஏன் காலியாச்சு? நீங்க எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டுத்தான் போயிருப்பீங்க. ஆனா ட்ரெய்லர்ல கேஸ் கசிவு அலாரம் ஒண்ணு இருக்கும். அது ஸ்விட்சுக்குக் கட்டுப்படாது, ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கும். சுமார் 80 மில்லி ஆம்பியர் எடுக்குதுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், கிட்டத்தட்ட 1.9 ஆம்பியர் மணி. உங்க பேட்டரி 80 ஆம்பியர் மணின்னா, 42 நாள்ல காலி. அக்டோபர் 15-ம் தேதி விட்டுட்டு வந்தா நவம்பர் கடைசியில அது வெறும் தண்ணிப் பெட்டி. ஜனவரிக் குளிர் வர்றதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே வேலை முடிஞ்சுபோச்சு.

ஐ.டி. ஆளுங்களுக்கு இது புரியும். டெஸ்ட்டுக்குன்னு கிளவுட்ல ஒரு சின்ன சர்வர் ஓட விட்டு, அணைக்க மறந்து, மாசக் கடைசியில பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிப்போம் இல்லையா, அதே கதை. என் டீம்ல அதைச் செஞ்ச ஆள் நான்தான்கிறதால தைரியமா உதாரணம் சொல்றேன்.

ஆக அங்கே செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. சீசன் முடிஞ்சதும் ஃபுல்லா சார்ஜ் ஏத்துங்க. நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. அவ்வளவுதான். குளிர்ல பேட்டரி தானாக் கரையற வேகம் ரொம்பக் குறைவு. ஃபுல்லா சார்ஜ் ஏத்தி, வயர் கழட்டி வச்ச நல்ல பேட்டரி வெளியிலேயே இருந்தாலும் குளிர்காலத்தைத் தாண்டிரும். வீட்டுக்குள்ள கொண்டுபோனா என்ன லாபம்னா, மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் வச்சுப் பார்க்கலாம், சார்ஜ் போடலாம். யார்ட் தூரம்னா அதுக்காகக் கொண்டுபோங்க, குளிருக்குப் பயந்து இல்லை.

இன்னொண்ணு கேட்டிருந்தார், பேஸ்மென்ட் "சீமெந்து நிலத்தில" வச்சா பற்றறி இறங்கிடுமாமேன்னு. இங்கேயும் இதையே சொல்வாங்க, பேட்டரிக்கு அடியில பலகை போடுன்னு. ரொம்பப் பழைய காலத்துல பேட்டரிப் பெட்டி மரத்துலயும் ரப்பர்லயும் இருந்தது, ஈரம் ஊறும், கசியும். அப்ப அது உண்மை. இப்ப இருக்கிறது பிளாஸ்டிக் பெட்டி, சிமென்ட் தரை அதை ஒண்ணும் செய்யாது. பலகை போட்டா தப்பில்லை. தரையில ஆசிட் படாம இருக்கும்.

உறைஞ்ச பேட்டரி கையில கிடைச்சா ஒரு எச்சரிக்கை. அதை அப்படியே சார்ஜர்ல மாட்டாதீங்க, வெடிக்கலாம். முதல்ல இளக விடணும், பெட்டியில விரிசல் இருக்கான்னு பார்க்கணும். பிதுங்கியிருந்தா கடையில கொடுத்துட்டு வேற வாங்குறதுதான் வழி.

இனி நம்ம ஊர். இங்கே உறையற பயம் இல்லை. ஆனா என் கணிப்புல, பேட்டரியைச் சும்மா போட்டு வைக்க கனடாவைவிட தூத்துக்குடிதான் மோசமான இடம். நிறைய பேர் இதை நம்ப மாட்டேங்குறாங்க. அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

எதையும் மாட்டாம வச்சிருந்தாலும் பேட்டரி உள்ளுக்குள்ளேயே கரையும். புதுசா இருக்கிற, தண்ணி ஊத்துற வகை பேட்டரி 25 டிகிரியில மாசத்துக்கு சுமார் 5 சதவீதம் இழக்கும்னு வச்சுக்கலாம். பழசானா இன்னும் அதிகம். இந்த இழப்பு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 35 டிகிரியில 10 சதவீதம். மே மாசம் மூடிக் கிடக்கிற இஞ்சின் ரூமுக்குள்ள 45 டிகிரி இருந்தா 20 சதவீதம். இப்ப கூட்டிப் பாருங்க. தடைக்காலம் ஆரம்பிக்கும்போது பேட்டரி ஃபுல்லா இருந்ததா? யாரும் பார்க்கலை. 80 சதவீதம்னு வைப்போம். ரெண்டு மாசச் சூட்டுல முப்பது போச்சு. பாட்டுப் பெட்டியோ வேற ஏதோ வெறும் 20 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் 61 நாள்ல 29 ஆம்பியர் மணி. 130 ஆம்பியர் மணி பேட்டரியில அது இன்னொரு இருபது சதவீதத்துக்கு மேல. ஜூன் 15 காலையில மிச்சம் கால்வாசி. 'டொக்'.

சரி, திரும்ப சார்ஜ் ஏத்தினா வந்துரும்தானேன்னு கேப்பீங்க. இதுலதான் உண்மையான நஷ்டம். காலியா இருக்கும்போது தகட்டுல ஒட்டின ஈய சல்ஃபேட் முதல்ல பொடி மாதிரி மெலிசா இருக்கும், சார்ஜ் போட்டா கரைஞ்சுரும். வாரக்கணக்குல அப்படியே விட்டா அது கெட்டியான படிகமா வளருது. உப்பளத்துல பார்த்திருப்பீங்க, பாத்தியில உப்பை வாராம விட்டா பாளம் பாளமா கட்டிப்போகும் இல்லையா, அப்படி. அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரையாது. அந்த அளவு தகடு செத்தது செத்ததுதான். சூடு இதையும் வேகப்படுத்தும். தகட்டோட உள்சட்டம் அரிக்கப்படுறதும் சூட்டுல வேகமாகும். பத்து டிகிரி கூடினா பேட்டரி ஆயுசு பாதியாகும்னு இந்தத் தொழில்ல ஒரு கணக்கு உண்டு.

மாமா படகுல இன்னொரு கோளாறும் இருந்தது. இது நிறைய படகுல இருக்கு, லாரியிலயும் இருக்கு. இஞ்சினுக்கு 24 வோல்ட் வேணும்னு ரெண்டு பேட்டரியைத் தொடரா மாட்டியிருக்காங்க. வயர்லெஸுக்கு 12 வோல்ட் போதும்னு அதை ஒரே ஒரு பேட்டரியில இருந்து எடுத்திருக்காங்க. ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சேர்த்து 24-ஆத்தான் பார்க்கும். அதனால வயர்லெஸ் மாட்டின பேட்டரி எப்பவும் அரைப் பட்டினி. மத்தது அளவுக்கு மீறித் தின்னு தண்ணி வத்திப்போகும். அன்னைக்குச் செத்தது எதுன்னு நினைக்கிறீங்க? சரியா அந்த வயர்லெஸ் பேட்டரிதான். உதவி கேக்க வேண்டிய கருவியையும், இஞ்சினை எடுக்க வேண்டிய கருவியையும் ஒரே நோயாளி தலையில கட்டியிருந்தாங்க. இப்ப அதை மாத்தி, 24-ல இருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் போட்டு, வயர்லெஸுக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரியும் வச்சிருக்காங்க.

செலவு பத்தி ஒரு வார்த்தை. அந்த அளவு பேட்டரி ஒண்ணு பத்தாயிரத்துக்கு மேல. தடைக்கால நிவாரணமா அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிறது 8,000 ரூபாய். பேட்டரி வாங்குறது சம்மாட்டி பொறுப்புதான். ஆனா படகு கரையில நிக்கிற ஒவ்வொரு நாளும் பங்கு போறது எல்லாருக்கும்தான். ரெண்டு மாசம் வருமானம் இல்லாம இருந்துட்டு, முதல் நாளே படகு நின்னா அது எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப மாமா என்ன பண்றார்? போன வாரம் கூடப் போய்ப் பார்த்தேன். தடை ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே ரெண்டு பேட்டரியையும் கழட்டிருவார். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. பாசிட்டிவை முதல்ல கழட்டி, ஸ்பானர் தவறி இஞ்சின்ல பட்டா தீப்பொறி பறக்கும். அதனாலதான் இந்த வரிசை.

அப்புறம் கழுவுறது. இது கடற்கரைக்கே உரிய வேலை. படகு பேட்டரி மேல உப்புக் காத்துல ஒரு பிசுபிசுப்புப் படலம் படியும். உப்பு ஈரத்துல கரண்ட் பாயும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவுல நாமளே ஒரு மெலிசான வயர் போட்ட மாதிரி, மேல்மூடி வழியாவே சார்ஜ் கசிஞ்சுட்டு இருக்கும். மீட்டரோட ஒரு முனையை டெர்மினல்லயும் இன்னொண்ணை மூடி மேலயும் வச்சுப் பாருங்க, வோல்டேஜ் காட்டும். நான் செஞ்சு பார்த்தேன், முக்கால் வோல்ட் காட்டுச்சு! அத்தை அடுக்களையில இருந்து ஆப்ப சோடா வாங்கி, தண்ணியில கரைச்சு, பழைய பிரஷ்ஷால தேய்க்கணும். ஆசிட் இருந்த இடம் நுரைக்கும். அப்புறம் நல்ல தண்ணி விட்டுத் துடைக்கணும். மூடி எல்லாம் இறுக்கமா இருக்கணும், சோடா உள்ளே போகக் கூடாது. டெர்மினல்ல கொஞ்சம் வாசலின்.

உள்ளே தண்ணி குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணியும் வேண்டாம், மழைத் தண்ணியும் வேண்டாம். ஆசிட் கண்டிப்பா ஊத்தக் கூடாது, வத்துனது தண்ணிதானே தவிர ஆசிட் இல்லை. தகடு மூழ்குற அளவுக்கு முதல்ல ஊத்தி, சார்ஜ் போட்டு முடிச்ச பிறகு கோடு வரைக்கும் நிரப்பணும். முதல்லயே நிரப்பினா சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

அப்புறம் வீட்டு நிழல்ல, காத்தோட்டமான திண்ணையில வைக்கிறார். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அதனால மூடின ரூம்ல வச்சு சார்ஜ் போடக் கூடாது, பக்கத்துல பீடி கூடாது. மாமாவுக்கு இந்த ரெண்டாவது விதி கொஞ்சம் கஷ்டம்தான்.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை மீட்டர். சார்ஜர்ல இருந்து எடுத்து ஒரு ராத்திரி ஆற விட்டுத்தான் பார்க்கணும், உடனே பார்த்தா பொய் சொல்லும். 12.6-க்கு மேல இருந்தா ஃபுல். 12.4-க்குக் கீழே இறங்கினா சார்ஜ் போடணும். 12.2-ன்னா பாதி. 12-ன்னா கால்வாசிதான், கை நடுங்கணும். 12 வோல்ட் பேட்டரியில 12 வோல்ட் இருந்தா நல்லதுதானேன்னு நினைக்கிறவங்க நிறைய. அந்தப் பேரே ஒரு ஏமாத்து.

திண்ணைக்குக் கொண்டுவர முடியாதவங்களுக்கு ஒரு வழி, சோலார். 10 வாட் பேனல் ஒண்ணு நம்ம வெயில்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஆம்பியர் மணியாவது கொடுக்கும். தானாக் கரையறதை ஈடுகட்ட அது தாராளம். ஆனா நடுவுல கன்ட்ரோலர் இருந்தே ஆகணும், அதுவும் சூட்டைப் பார்த்து வோல்டேஜைக் குறைக்கிற வகை. 25 டிகிரியில 13.5 வோல்ட்ல வைக்கிற பேட்டரியை 40 டிகிரியில 13.2-ல வைக்கணும். இல்லேன்னா தண்ணி கொதிச்சு வத்திரும். குளிர் ஊர்ல இதே கணக்கு தலைகீழ், அங்கே வோல்டேஜைக் கூட்டணும். ஸ்கார்பரோ அண்ணனுக்கும் சோலார் சரிதான், பேனல் மேல பனி மூடாம சாய்ச்சு வச்சா.

லித்தியம் பத்திக் கேப்பீங்க. சுருக்கமா: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு விதி வேற. அதை ஃபுல்லா வச்சுப் பூட்டக் கூடாது, பாதி சார்ஜ்ல வைக்கணும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாப் படிஞ்சு நிரந்தரமாக் கெட்டுப்போகும். லெட் ஆசிட்டுக்குச் சொன்ன "ஃபுல்லா ஏத்தி வை" லித்தியத்துக்குப் பொருந்தாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வெள்ளம் மொத்தமும் கடல்ல சேர்ற இடம் எங்க ஊர், ரோடு துண்டிச்சுப் போச்சு, கரண்ட் இல்லை. அப்ப ஒரு போனை உயிரோட வச்சிருக்க படகு பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும்தான் கை கொடுக்கும். எது கை கொடுக்கும்னா, சார்ஜ் பார்த்து வச்சிருந்தது மட்டும்தான். அதோட, வெள்ளத்துல முழுகின பேட்டரியைச் சாதாரணமா எடுக்காதீங்க. உள்ளே கடல் தண்ணி புகுந்தா உப்பும் ஆசிட்டும் சேர்ந்து சார்ஜ் போடும்போது குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துரும். இன்வெர்ட்டரைத் தரையில வச்சிருக்கிற ஆத்தங்கரை வீட்டுக்காரங்க இன்னைக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் அடிச்சிருங்க.

ஸ்கார்பரோ அண்ணனுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே மெசேஜ்ல அனுப்பிட்டேன். பதில் வந்தது: "அலாரத்தைப் போய்ப் பாத்தன் தம்பி. நீர் சொன்னது சரி, 80 இல்ல, 95 எடுக்குது." அவர் கணக்குப்படி அது 35 நாள். நெகட்டிவ் வயர்ல கையால திருப்புற கட் ஆஃப் ஸ்விட்ச் ஒண்ணு மாட்டப் போறாராம்.

மாமா பேட்டரி நேத்து காலையில: ஒண்ணு 12.66, இன்னொண்ணு 12.51. அந்த ரெண்டாவதை இப்ப சார்ஜ் போட்டிருக்கோம். பீடியை வெளியில போய்க் குடிக்கச் சொல்லியிருக்கேன்.